எந்த வாயை முதலில் பார்ப்பது? வாய்ப்புற்று ஆபத்தைக் கணிப்பதில் திருவனந்தபுரம் தரவு சொல்வது

வாய்ப்புற்று உடம்புக்குள் எங்கோ மறைந்து வளரும் நோய் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்தை ஒதுக்கி, நாக்கைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். புற்றாக மாறுவதற்கு முன்பே பல பேருக்கு வெள்ளைப் படலமாகவோ சிவப்புத் திட்டாகவோ அடையாளம் காட்டும். அப்படியும் 2020இல் இந்தியாவில் சுமார் 1,36,000 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது, சுமார் 75,000 பேர் இறந்தார்கள் என்று உலக நாடுகளின் புற்றுநோய்க் கணக்கைத் தொகுக்கும் குளோபோகான் மதிப்பீடு சொல்கிறது. உலகம் முழுவதற்கும் அந்த ஆண்டுக் கணக்கு சுமார் 3,78,000 புதிய நோயாளிகள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில்.

எல்லாருடைய வாயையும் பார்க்க ஆள் போதாது. அதனால் யாருடைய வாயை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மெஷின் லேர்னிங், அதாவது பழைய தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை, இந்த வேலைக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, ஒருவருடைய வயது, பழக்கவழக்கம் போன்ற விவரங்களை வைத்து அடுத்த சில ஆண்டுகளில் அவருக்குப் புற்று வரும் வாய்ப்பைக் கணிப்பது. இன்னொன்று, வாய்க்குள் எடுத்த படத்தைப் பார்த்து 'இது சந்தேகத்துக்குரியது' என்று சொல்வது. செய்திகளில் இரண்டாவதுதான் அதிகம் பேசப்படுகிறது. போனும் கேமராவும் இருப்பதால் அது கண்ணைக் கவர்கிறது. முதலாவதுதான் அதிக உயிரைக் காப்பாற்றும் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கான ஆதாரம் கேரளத்தில் கிடைத்திருக்கிறது.

13 பஞ்சாயத்துகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு 1996இல் தொடங்கிய ஆய்வு அது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யும் (பிராந்தியப் புற்றுநோய் மையம்), உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. முன்நின்றவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். 35 வயதும் அதற்கு மேலும் ஆன, நோயில்லாத 1,91,000க்கும் மேற்பட்டவர்கள் இதில் வந்தார்கள். குலுக்கல் முறையில் 7 பஞ்சாயத்துகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை. மற்ற 6 பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவம் மட்டும்.

வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, இதற்கென்றே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். முதலில் உட்கார்ந்து பேசுவார்கள். வெற்றிலை போடுகிறீர்களா, பீடி சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போகச் சொல்லிச் சீட்டு.

2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 205 பேருக்கு வாய்ப்புற்று இருப்பது தெரிந்தது, 77 பேர் இறந்தார்கள். பரிசோதனை இல்லாத பக்கம் 158 பேருக்கு நோய், 87 பேர் சாவு. தேடிய இடத்தில் அதிகம் அகப்பட்டது இயல்பு. பார்க்க வேண்டியது சாவு எண்ணிக்கை. மொத்தத்தில் சாவு 21% குறைந்திருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லும் அளவிலேயே நின்றது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களை மட்டும் தனியாக எடுத்தால் 34% குறைவு. அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அதே கட்டுரையில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 50%, மறுபக்கம் 34% என்றும் இருக்கிறது. பலரும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இந்த எண்ணில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நோயை இரண்டு வருடம் முன்னதாகக் கண்டுபிடித்தாலே, சாகும் நாள் மாறாவிட்டாலும், 'கண்டுபிடித்த பின் வாழ்ந்த காலம்' கூடிவிடும். சாவு எண்ணிக்கையில் அந்த மயக்கம் இல்லை.

2021இல் போட்ட மறுகணக்கு

இந்தத் தரவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் லி செங், அனில் சதுர்வேதி முதலியோர் திருவனந்தபுரம் குழுவினருடன் சேர்ந்து மறுபடி கையில் எடுத்தார்கள். ஆய்வின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் சொன்ன விவரங்களைக் கொண்டு அவரவருக்கு வாய்ப்புற்று வரும் ஆபத்தைக் கணிக்கும் கணக்கீட்டு மாதிரி (மாடல்) ஒன்றை உருவாக்கினார்கள். 2021இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி இதழில் அது வெளியானது.

இந்த மாதிரி முதலில் ஒரு பழைய சிக்கலைத் தீர்த்தது. குலுக்கல் போட்டது ஆள் ஆளாக இல்லை, 13 பஞ்சாயத்துகளுக்கு. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் குலுக்கினால் ஒரு பக்கம் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் கூடிவிடுவது சகஜம். ஒவ்வொருவரின் ஆபத்தையும் கணக்கில் சேர்த்து அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தபோது, பரிசோதனையால் சாவு 27% குறைந்தது தெரிந்தது. இந்த முறை மொத்தக் கூட்டத்துக்குமே அது தற்செயலைத் தாண்டி நின்றது.

இரண்டாவது கண்டுபிடிப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆபத்து குறைந்தவர்களானாலும் கூடியவர்களானாலும், பரிசோதனை சாவைக் குறைக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் விகிதம் ஒன்றாக இருந்தாலும் காப்பாற்றப்படும் உயிர்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது அல்லவா? ஆபத்து மிகக் குறைந்த கால் பங்கினரில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.5 சாவு குறைந்தது. ஆபத்து மிக அதிகமான கால் பங்கினரில் லட்சத்துக்கு 13.4.

அவர்கள் கொடுத்த எண்களை ஒரு லட்சம் பேருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கேரள ஆய்வில் இருந்தவர்களைப் போன்ற ஒரு லட்சம் பேர் ஒரு தாலுகாவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாரையும் பார்த்தால், 2,043 பேருக்கு ஒரு சாவு தடுக்கப்படும் என்ற கணக்கில், ஆய்வுக் காலம் முழுவதிலும் சேர்த்து சுமார் 49 பேர் பிழைப்பார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் எப்போதாவது இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 43,400 வாய்களைப் பார்க்க வேண்டும். 1,029 பேருக்கு ஒரு சாவு தடுக்கப்படும், சுமார் 42 பேர் பிழைப்பார்கள். அவர்களிலும் மாதிரி 'ஆபத்து அதிகம்' என்று காட்டும் பாதிப் பேரை மட்டும் பார்த்தால் 21,600 வாய்கள். 610 பேருக்கு ஒரு சாவு, சுமார் 35 பேர் பிழைப்பார்கள்.

உழைப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது, பலன் பத்தில் ஏழு பங்கு கிடைத்துவிடுகிறது. ஒரு மருத்துவ அலுவலருக்கும் பத்துப் பதினைந்து பணியாளர்களுக்கும் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டு விட்டுவிடவும் கூடாது. 49க்கும் 35க்கும் இடையில் 14 பேர் இருக்கிறார்கள். அதில் 7 பேர் புகையிலையையும் மதுவையும் தொடாதவர்கள், 7 பேர் பழக்கம் இருந்தும் மாதிரி பின்வரிசையில் வைத்தவர்கள். இரண்டாவது ஏழு பேரைக் காப்பாற்றக் கூடுதலாகப் பார்க்க வேண்டியது 21,800 பேர், ஓர் உயிருக்குச் சுமார் 3,100. முதல் ஏழு பேருக்கு இன்னும் 56,600 பேர், ஓர் உயிருக்குச் சுமார் 8,000. வசதி உள்ள மாவட்டம் முதல் படியோடு நிற்கத் தேவையில்லை. வரிசை இருந்தால் வசதி இருக்கும் அளவுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகலாம். கோட்டை எங்கே போடுவது என்பதை மாதிரி சொல்லாது, அதைச் சொல்ல வேண்டியது மருத்துவத் துறையும் மக்களும்.

பழக்கம் உள்ளவர்களைக் குறிவைப்பது நடைமுறையில் எடுபடுமா என்றால் தைவானைக் காட்டலாம். புகைப்பவர்களும் வெற்றிலை போடுபவர்களுமான 42 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அங்கே அரசு பரிசோதனைக்கு அழைத்தது. வந்தவர்கள் 23 லட்சம் பேருக்கு மேல், அதாவது 55%. வந்தவர்களையும் வராதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் சாவு 47% குறைந்தது போலத் தெரிந்தது. தானாக முன்வந்து வருபவர்கள் ஏற்கெனவே உடம்பில் கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு 26%. கேரளத்தின் 27%க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டு நாடுகள், இரண்டு முறைகள், ஏறக்குறைய ஒரே விடை.

1,91,000 பேர் இருந்தும் 363தான்

'இதில் மெஷின் லேர்னிங் எங்கே இருக்கிறது, இது பழைய புள்ளியியல்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கேரளத் தரவில் பயன்பட்டது காக்ஸ் பின்னடைவு என்ற புள்ளியியல் முறை. நியூரல் நெட்வொர்க், ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற மெஷின் லேர்னிங் முறைகள் இல்லை. ஆனால் அதைப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று எண்ணக் காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு மாதிரி கற்றுக்கொள்வது மொத்த ஆள் எண்ணிக்கையிலிருந்து இல்லை, நோய் வந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து. 2005 கணக்குப்படி இரண்டு பக்கமும் சேர்த்து 205 + 158 = 363 பேருக்குத்தான் வாய்ப்புற்று. இந்த 363 பேரின் கதைகள்தான் மாதிரிக்குப் பாடம். மற்ற 1,91,000 பேரும் 'வரவில்லை' என்ற ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். 363ஐ வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அளவுருக்கள் (கற்கும்போது மாற்றிச் சரிசெய்யும் எண்கள்) கொண்ட நெட்வொர்க்கைப் பழக்கினால் அது அந்த 363 பேரை மனப்பாடம் செய்யும். அடுத்த ஊருக்குப் போனால் தடுமாறும். 2019இல் 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவக் கணிப்பு மாதிரிகளில் மெஷின் லேர்னிங் முறைகள் லாஜிஸ்டிக் பின்னடைவு என்ற சாதாரணப் புள்ளியியல் முறையைவிட மேம்பட்டதற்குச் சான்று இல்லை என்று சொன்னது. கேள்வித்தாள் விவரம் மட்டும் கையில் இருக்கும் இடத்தில் எளிய முறையையே எடுங்கள் என்பேன். வீட்டுக்குப் போகும் பணியாளருக்கும் 'இந்த அம்மாவுக்கு ஏன் அதிக மதிப்பெண்' என்று விளக்க முடியும். படங்கள் விஷயத்தில் நிலைமை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆபத்து மதிப்பெண்ணைக் கையாள்வதில் இன்னொரு கவனம் வேண்டும். இந்த மாதிரிகள் சொல்வது வரும் சில ஆண்டுகளின் ஆபத்தை. வயதுக்கு அதில் பெரிய பங்கு. அதனால் 36 வயதில் தினமும் புகையிலை போடும் ஒருவர் 'ஆபத்து குறைவு' என்ற வரிசையில் வந்து உட்காரலாம். அவரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னால், பழக்கத்தைத் தொடர அது அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடும். இவரிடம்தான் நிறுத்தச் சொல்லிப் பேச வேண்டும், அதற்குரிய வயது இதுதான். ஆகவே யாருடைய வாயைப் பார்ப்பது என்பதற்கு ஒரு பட்டியல், யாரிடம் பழக்கத்தை விடச்சொல்லிப் பேசுவது என்பதற்கு இன்னொரு பட்டியல் என்று இரண்டு தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே மதிப்பெண்ணை இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.

அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயில் படலம், விழுங்கச் சிரமம் என்று ஒருவர் வந்து நின்றால் மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாது, நேராக டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆபத்து மாதிரி அறிகுறி இல்லாதவர்களுக்கு மட்டும்.

தரவு பிறக்கும் திண்ணை

எவ்வளவு நுட்பமான மாதிரி ஆனாலும் அதற்குள் போகும் விவரம் ஒரு வீட்டுத் திண்ணையில், ஒரு கேள்வியிலும் பதிலிலும்தான் பிறக்கிறது. 'புகையிலை போடுவீங்களா பாட்டி?' என்று கேட்டால், 'அதெல்லாம் இல்லம்மா' என்று பதில் வரும். படிவத்தில் 'இல்லை' என்று விழும். 'வெத்தலையோட என்னென்ன சேப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயில' என்று வரும். பாட்டி முதல் முறையும் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது வெற்றிலை போடுவது, புகையிலைப் பழக்கம் இல்லை. அந்த ஒரு பதில் மாறினால் அவர் கடைசிக் கால் பங்கிலிருந்து முதல் கால் பங்குக்கு வந்துவிடக்கூடும். எத்தனை வயதில் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை முறை, வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவாரா, கன்னத்தில் எந்தப் பக்கம் வைப்பார் என்றெல்லாம் கேட்கத் தெரிந்த பணியாளர் எந்த அல்காரிதத்தைவிடவும் இந்த மாதிரிக்குப் பலம் சேர்க்கிறார்.

பாக்கு தனி விஷயம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. வாய் உள்தோல் நார்போல் இறுகிப்போகும் நோய்க்கு முக்கியக் காரணமும் பாக்குதான். கன்னம் விறைத்து, காரம் பட்டால் எரிந்து, மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறந்த வாய் இரண்டாகவும் ஒன்றாகவும் சுருங்கிவிடும். புகையிலை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்கும் படிவத்தில் பான் மசாலாப் பாக்கெட் போடும் இளைஞர் 'பழக்கம் இல்லாதவர்' ஆகிவிடுகிறார்.

காலமும் மாறிவிட்டது. கேரள ஆய்வு தொடங்கிய 1996இல் அதிகம் இருந்தது புகையிலை சேர்த்த வெற்றிலையும் பீடியும். அப்புறம் குட்கா பரவியது. கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் அதைத் தடை செய்தன. தடைக்குப் பின் பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று பிரித்து விற்று, வாங்குபவர் கையில் கலந்துகொள்ளும் வழக்கம் பல மாநிலங்களில் வந்துவிட்டது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 1990களில் கேட்டறிந்த பழக்கங்களிலிருந்து கற்ற மாதிரி, இன்றைக்கு 25 வயதில் பாக்கெட்டைக் கிழித்து வாயில் கொட்டுபவரை எவ்வளவு சரியாக மதிப்பிடும்? கேரள மாதிரியின் பெரிய குறை இதுதான். கற்றதும் சோதித்ததும் ஒரே ஆய்வின் தரவில். வேறு மாநிலத்தில், இன்றைய பழக்கங்களோடு சரிபார்த்த பிறகே அதன் எண்களை நேரடியாக எடுத்தாள வேண்டும். வயதும் பழக்கமும் கொண்டு வரிசைப்படுத்தலாம் என்ற அடிப்படையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 610, 1,029 என்ற எண்கள் இடத்துக்கு இடம் மாறும்.

போன் கேமரா பார்த்த வாய்

இனி படம். பெங்களூரில் மோனி ஆபிரகாம் குரியாகோஸ், பிரவீண் பிரூர் முதலிய மருத்துவர்களும், அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரோங்குவாங் லியாங் குழுவும் சேர்ந்து போனோடு பொருத்தும் கருவி ஒன்றைச் செய்தார்கள். சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம், ஊதா நிற வெளிச்சத்தில் இன்னொரு படம். ஊதா வெளிச்சம் பட்டால் நல்ல திசு பச்சையாக ஒளிரும், மாற்றம் கண்ட இடம் இருண்டு தெரியும். வெறும் அழற்சியும் இருண்டு தெரியும் என்பதால் இரண்டு படத்தையும் சேர்த்துத்தான் நியூரல் நெட்வொர்க் முடிவு சொல்கிறது.

களச் சோதனை முடிவு 2022இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. 5,025 பேர், 32,128 படங்கள். தொலைவில் இருந்த நிபுணர் படத்தைப் பார்த்துச் சொன்னதை அளவுகோலாக வைத்தார்கள். அந்த அளவுகோலின்படி சந்தேகத்துக்குரிய நூறு பேரில் களப்பணியாளர் வெறும் கண்ணால் பிடித்தது 60 பேரை. போனுக்குள்ளேயே இயங்கும் சிறிய நெட்வொர்க்கான மொபைல்நெட் 82 பேரை. கிளவுடில் இயங்கும் பெரிய நெட்வொர்க்கான விஜிஜி19 87 பேரை. இங்கே ஆழ்கற்றல் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) உண்மையாகவே வேலை செய்கிறது. படத்தில் இருக்கும் தகவல் நாலைந்து கட்டங்களில் அடங்காது, கற்பதற்குப் படங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

இந்த எண்களை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது அளவுகோல். நெட்வொர்க்கை ஒப்பிட்டது நிபுணரின் கருத்தோடு. பயாப்ஸியோடு (சதையை எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பதோடு) ஒப்பிடவில்லை. பயாப்ஸி செய்தது 102 பேருக்கு மட்டும். அதுவும் நேரில் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்தவர்களுக்கு. நிபுணரே கோட்டைவிட்ட புண்ணை நெட்வொர்க்கும் கோட்டைவிட்டால் அது 'சரி' என்றே கணக்கில் ஏறும். இந்தத் துறையில் வரும் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளுக்கும் உள்ள சங்கடம் இது. நோய் இல்லை என்று தோன்றுபவரின் வாயிலிருந்து சதையை வெட்டி எடுப்பது முறையும் இல்லை. ஆகவே 87% என்பதை 'புற்றை 87% சரியாகக் கண்டுபிடிக்கிறது' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

ஒருவருக்கு ஆறு படத்துக்கு மேல் என்பதையும் பாருங்கள். ஒரே ஆளின் படங்கள் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போனால் நெட்வொர்க் அந்த ஆளின் பல்லையும் கறையையும் அடையாளம் கண்டுகொண்டு மதிப்பெண் வாங்கிவிடும். இந்தத் துறைக் கட்டுரை எதை எடுத்தாலும் ஆள் வாரியாகப் பிரித்தார்களா, பட வாரியாகப் பிரித்தார்களா என்று முதலில் தேடுங்கள். அது எழுதப்படாத கட்டுரையின் 98, 99 சதவீதங்களை நான் பொருட்படுத்துவதில்லை.

களத்தில் இன்னொரு தடை. வெற்றிலைக் கறை, எச்சிலில் படும் வெளிச்சத்தின் பளபளப்பு, கடைவாய்க்குப் பின்னால் எட்டாத மூலை. எல்லாவற்றையும்விட, உள்தோல் இறுகி ஒரு விரல்தான் நுழையும் வாய்க்குள் கேமரா போகாது. படம் எடுக்க முடியாமல் போகும் அந்த நபர் ஆபத்து மிகுந்தவர். மென்பொருளில் 'படம் தெளிவில்லை' என்று வந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடாமல், 'வாய் திறக்கவில்லை, டாக்டரிடம் அனுப்பு' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு வழியையும் ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. இருப்பதில் 95% பிடித்து, இல்லாதவர்களில் 84% பேரை 'இல்லை' என்று சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை இருக்கிறது என்று கொள்வோம். மேற்சொன்ன ஆய்வில் தொலைநிபுணருக்கு, நேரில் பார்த்த நிபுணரோடு ஒப்பிட்டபோது, கிடைத்த எண்கள் இவைதான். ஆயிரம் பேரில் 10 பேருக்கு மட்டும் சந்தேகப் படலம் உள்ள ஊரில் இதைப் போட்டால் 9 அல்லது 10 பேரைப் பிடிக்கும், கூடவே 158 பேரை வீணாகப் பயமுறுத்தி அனுப்பும். ஆபத்து மாதிரி சலித்துக் கொடுத்த ஆயிரம் பேரில் 100 பேருக்கு இருந்தால் 95 பேரைப் பிடிக்கும், வீண் எச்சரிக்கை 144. சோதனை மாறவில்லை, வந்தவர்கள் மாறினார்கள். முதல் ஊரில் டாக்டர் பதினெட்டு பேரைப் பார்த்தால் ஒருவருக்கு ஏதாவது இருக்கும், இரண்டாவது ஊரில் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு இருக்கும்.

சீட்டு வாங்கியும் போகாதவர்கள்

கேரள ஆய்வில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் எண் இருக்கிறது. வாயில் ஏதோ இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். 63%. வீட்டுக்கே ஆள் வந்து பார்த்து, பெயர் எழுதி, போகச் சொல்லியும் 1,927 பேர் போகவில்லை.

காரணங்களை யூகிக்கக் கஷ்டமில்லை. வலிக்கவில்லை. ஒரு நாள் கூலி போகும். பஸ் மாறிப் போக வேண்டும். 'கேன்சர்' என்ற சொல்லைக் கேட்கவே பயம்.

இதைப் பெங்களூர் எண்களோடு பெருக்கிப் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு இடத்துக் கணக்குகள், ஒரே திட்டத்தில் வந்தவை அல்ல. எது எவ்வளவு கனம் என்று காண மட்டும் சேர்க்கிறேன். வெறும் கண்ணால் 60% பிடித்து, அதில் 63% பேர் டாக்டரிடம் போனால், நோய்க்குறி உள்ள நூறு பேரில் 38 பேர்தான் டாக்டர் முன்னால் உட்காருவார்கள். கிளவுட் நெட்வொர்க்கைக் கொண்டுவந்து 87% ஆக்கினால் 55 பேர். நெட்வொர்க்கே இல்லாமல், போகிறவர்களை 63%லிருந்து 90% ஆக்கினால் 54 பேர். கிட்டத்தட்ட சமம். பஸ் காசு, கூட ஓர் ஆள், மறுநாள் ஒரு போன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வாரம் ஒருநாள் பல் டாக்டர் வருவது ஆகியவற்றின் எடை ஒரு நல்ல நியூரல் நெட்வொர்க்கின் எடைக்கு நிகர். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 78 பேர்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியும் காலமும் கொடுத்தால் சுகாதாரப் பணியாளரின் கண்ணே 60%ல் நிற்காது. கேரளத்தில் ஆய்வின் ஆரம்ப காலத்தில் பணியாளர்கள் பார்த்ததை டாக்டர் பார்த்ததோடு ஒப்பிட்டபோது பிடிக்கும் திறன் 90%க்கு மேல் இருந்தது. அவர்களுக்கு வாய் பார்ப்பதுதான் முழுநேர வேலை. இன்றைய ஆஷா பணியாளருக்குத் தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம், கணக்கெடுப்பு என்று வரிசையாக இருக்கின்றன. அப்படி இருக்கிறவருக்குப் போன் துணை நிற்பது நல்லது. பயிற்சிக்குப் பதிலாகப் போனைக் கொடுத்துவிடுவது தவறு.

கையில் இருக்கும் படிவம்

இந்தியாவில் 30 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் ஒரு ஆபத்துப் படிவம் ஏற்கெனவே உண்டு. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆஷா பணியாளர்கள் வீட்டில் வந்து நிரப்பும் சிபேக் படிவம். வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடற்பயிற்சி, குடும்பத்தில் நோய் என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். நாலுக்கு மேல் வந்தால் பரிசோதனைக்கு முன்னுரிமை. அதில் தினமும் புகையிலை பயன்படுத்துபவருக்கு 2 மதிப்பெண். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ சர்க்கரையோ இதய நோயோ இருந்தாலும் 2 மதிப்பெண். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த படிவம் என்பதால் அப்படி. வாய்ப்புற்றுக்கு அந்த இரண்டும் சமமே இல்லை. புகையிலையைத் தொடாத, இடுப்பு பெருத்த ஐம்பது வயதுக்காரர் இந்த மதிப்பெண்ணில் முன்னால் வருவார். அவர் சர்க்கரைக்கு முன்னால் வர வேண்டியவர்தான், வாயைப் பார்ப்பதில் அவருக்கு முன்னுரிமை தேவையில்லை.

படிவத்தை அடியோடு மாற்ற வேண்டாம். அதே பதில்களிலிருந்து வாய்க்கென்று இன்னொரு மதிப்பெண் கணக்கிட்டால் போதும். புகையிலைக் கேள்வியோடு 'பாக்கு', 'எந்த வயதிலிருந்து' என்று இரண்டு வரி மட்டும் கூட்ட வேண்டும். இப்போது அது பெரும்பாலும் கணினியில் ஏறுவதால் கணக்கிடும் வேலை மனிதருக்கு இல்லை.

அந்த மதிப்பெண்ணை எதிலிருந்து கற்பது? தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் ஒருங்கிணைக்கும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் புற்றுநோயாளிகளின் விவரத்தைத் திரட்டுகிறது. ஒரு பக்கம் யார் என்ன பழக்கம் சொன்னார்கள் என்ற விவரம், மறுபக்கம் யாருக்கு நோய் வந்தது என்ற விவரம். பெயர், அடையாளம் வெளியே போகாமல் இரண்டையும் இணைத்தால் 363 என்பது ஆயிரங்களாகும். 1996இன் வெற்றிலைப் பெட்டிக்குப் பதிலாக இன்றைய பாக்கெட்டுகளிலிருந்து மாதிரி கற்றுக்கொள்ளும். அந்த இணைப்பில் சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: டாக்டரைப் பார்த்தாரா, எந்தத் தேதியில், பார்க்கவில்லை என்றால் ஏன். இந்தக் கட்டம் நிரம்பினால் யாருக்கு நோய் வரும் என்பதோடு, சீட்டுக் கொடுத்தாலும் யார் போகமாட்டார்கள் என்பதையும் அதே மாதிரியால் முன்கூட்டிச் சொல்ல முடியும். அவர் வீட்டுக்கு அடுத்த வாரமே இன்னொரு முறை போகலாம்.